குடிப்பவனுக்கும் பொறுப்பு உண்டு: தாமிரபரணிப் படுகையில் ஜமாஅத்களின் பங்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இந்தத் தலைமுறை மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட இது அதிகம். குளங்கள் உடைந்தன. ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலின் கதவுகள் திறக்கப்பட்டு, வீடுகளில் தண்ணீர் புகுந்த ஹிந்துக் குடும்பங்கள் அங்கே தங்க வைக்கப்பட்டன. இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நிவாரணப் பணியில் நம் சமுதாயம் என்றும் பின்தங்கியதில்லை.

ஆனால் வெள்ளம் வந்தால் படகு தேடி ஓடும் நாம், வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உடைந்த குளத்தின் கரையை ஆண்டுதோறும் பலப்படுத்த வேண்டியவர் யார்? கால்வாயில் அடைந்திருந்த குப்பை யாருடையது? கோடையில் குடிநீர் வரும் நாட்கள் குறையும்போது, அந்த அளவைத் தீர்மானிப்பது எந்த அலுவலகம், எந்தக் கூட்டம்? இந்தக் கேள்விகளுக்கு மஹல்லாவில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

ஆற்றுப் படுகை மேலாண்மையில் மக்களின் பங்கேற்பு என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல். அந்தச் சொல்லில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தாமிரபரணியை முன்வைத்துப் பார்ப்போம்.

ஒரே ஆறு, பல ஊர்கள்

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. பிறப்பதும் கலப்பதும் தமிழ்நாட்டிற்குள்ளேயே. காவிரிக்குக் கர்நாடகத்திடமும், முல்லைப் பெரியாறுக்குக் கேரளத்திடமும் வழக்காடுவது போல் இதற்கு யாரிடமும் வழக்காட வேண்டியதில்லை. இந்த ஆற்றுக்கு நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் பொறுப்பு நம்முடையது.

மலையில் பாபநாசம், சேர்வலாறு அணைகள். துணையாறான மணிமுத்தாற்றில் ஓர் அணை. சமவெளியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். இவற்றில் ஏழு பழங்காலத்தவை. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் அவை நிரப்பும் குளங்களும் 86,107 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகின்றன. கார், பிசானம் என இரு போகமும் இந்தத் தண்ணீரை நம்பியே.

நம் ஊர்கள் இந்த ஆற்றோடு எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்று பாருங்கள். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தின் வழியே போகிறது. கடையநல்லூர்க்காரர்களுக்குத் தெரிந்த கருப்பாநதி சிற்றாற்றில் சேர்கிறது. தென்காசி வழியாக வரும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. காயல்பட்டினத்தின் வரலாறே இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்குகிறது. அரபு வணிகர்களின் கப்பல்கள் வந்து நின்ற பழைய காயல் துறைமுகம் ஆற்று மண் படிந்து தூர்ந்து போனது. இன்று அதே காயல்பட்டினத்திற்கு, நெல்லைக்குக் கீழே பொன்னங்குறிச்சியில் ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீர் குழாயில் வருகிறது.

அதாவது நெல்லை மாநகரில் ஆற்றில் விடப்படுவது எதுவோ, அதற்குக் கீழே இருக்கும் ஊர்கள்தாம் அதைச் சந்திக்கின்றன. மேலே இருப்பவரும் நம் சகோதரர். கீழே இருப்பவரும் நம் சகோதரர். இடையில் ஓடும் ஆற்றைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேச ஓர் இடம்தான் இல்லை.

குடிமராமத்து: நல்லதும் கெட்டதும்

முன்பு அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. குளத்தையும் கால்வாயையும் பயன்படுத்துவோரே ஆண்டுதோறும் கூடித் தூர்வாரினார்கள்; கரையை உயர்த்தினார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மடையைத் திறந்து மூடவும், கடைமடை வரை தண்ணீரைப் பகிர்ந்து விடவும் தனி ஆட்கள் இருந்தார்கள். நெல்லைச் சீமையில் மடைக்குடும்பன் என்றும், வேறு பகுதிகளில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்றும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு நெல் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் வரி வசூலும் பொதுப்பணித் துறையும் ஊருக்கு மேலே வந்து அமர்ந்தபோது இந்த ஏற்பாடு தளர்ந்தது. தளர்ந்ததைச் சட்டத்தால் நிமிர்த்த 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டு வரப்பட்டது. ஊர் மக்கள் மனமுவந்து செய்து வந்ததை அரசு கட்டாயப்படுத்திப் பெற முயன்றது. பெரிய பலன் கிட்டவில்லை.

பழைய ஏற்பாட்டைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கூடிப் பேசியவர்கள் நிலக்காரர்கள். மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்கள். மடையைக் காத்தவருக்குப் பொறுப்பு இருந்தது, உரிமை இருக்கவில்லை. இன்று குடிமராமத்தை மீட்போம் என்று சொல்பவர்கள் இந்த அநீதியையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

சட்டம் யாருக்கு இடம் தருகிறது?

தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டத்தை இயற்றியது. இதன்படி ஒவ்வொரு பாசனப் பகுதிக்கும் ஒரு நீரைப் பயன்படுத்துவோர் சங்கம். அதன் தலைவரையும் ஆட்சி மண்டல உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கத் தேர்தல். சங்கங்களுக்கு மேலே பகிர்மானக் குழு, அதற்கு மேலே திட்டக் குழு. தண்ணீரைப் பங்கிடுவது, கால்வாயைப் பராமரிப்பது, தகராறுகளைத் தீர்ப்பது இவற்றின் வேலை.

2007 முதல் உலக வங்கிக் கடனோடு நடந்த நீர்வள, நிலவளத் திட்டம் இந்தச் சங்கங்களை மையமாக வைத்து 63 உபவடிநிலங்களில் செயல்பட்டது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். பயன்பெறுவோர் உழைப்பாகவோ பணமாகவோ 10 சதவீதப் பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. சில இடங்களில் நல்ல வேலை நடந்தது. பல இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை செய்தார்கள் என்ற புகாரும் எழுந்தது.

திட்டங்களின் நிறை குறை ஒருபுறம் இருக்கட்டும். அடிப்படையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இந்தச் சங்கங்களில் உறுப்பினராவது பாசனப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர். ஆற்று நீரைக் குடிப்பவர், அதில் துணி துவைப்பவர், மீன் பிடிப்பவர், குத்தகைக்கு உழுபவர், கழிவை அதில் விடும் நகரம், நீரை உறிஞ்சும் ஆலை என எவருக்கும் அங்கே பேச இடமில்லை.

சட்டத்தை எழுதியவர்கள் ஆற்றைப் பாசனக் கால்வாயாக மட்டுமே பார்த்தார்கள். ஆனால் ஆறு மாறிவிட்டது. இன்று தாமிரபரணி நெல்லை, தூத்துக்குடி மாநகரங்களுக்கும் எண்ணற்ற ஊர்களுக்கும் குடிநீர் ஆதாரம். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் குழாய்கள் படுகைக்கு வெளியேயும் நீள்கின்றன. ஆலைகளுக்கும் நீர் போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஆறுகளில் தாமிரபரணியும் ஒன்று. பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரை என்று அதில் குறிப்பிடப்பட்டது. அதாவது கடலுக்குச் சற்று முன்பு வரை!

இவ்வளவு தரப்பினரும் கூடிப் பேச ஒரு சபை இல்லாததால், எல்லாம் நீதிமன்றத்திற்குப் போகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஆண்டுக்கணக்கில் படிந்த மணலையும் சேற்றையும் அகற்ற 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் தருவதற்கு 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அந்தத் தடை விலக்கப்பட்டது. நீதிமன்றம் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வழக்கு முடிந்ததும் நீதிபதி அடுத்த வழக்கிற்குப் போய்விடுவார். ஆற்றோடு தினமும் வாழ்பவர்கள் நாம்தானே.

தாகத்தின் உரிமையும் பாசனத்தின் உரிமையும்

இந்த இடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் தரும் ஒரு வேறுபாடு, இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுகிறது.

ஹனஃபி சட்ட நூல்கள் தண்ணீர் மீதான உரிமையை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று ஹக்குஷ் ஷஃபா. மனிதனும் கால்நடையும் தாகம் தீர்க்கும் உரிமை. மற்றொன்று ஹக்குஷ் ஷிர்ப். நிலத்திற்குப் பாய்ச்சும் உரிமை. தாகத்தின் உரிமை எல்லோருக்கும் பொது. நிலம் இருக்கிறதா, எந்த ஊர், எந்த மதம் என்று கேட்க முடியாது. பாசன உரிமை பங்கு வைத்துக் கணக்கிடப்படுவது. 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டத்திலும் இவ்விரண்டும் தனித்தனியாக வரையறுக்கப்பட்டுள்ளன.

மேல்மடையும் கீழ்மடையும் மோதிக்கொள்ளும் வழக்கு ஒன்று நபி (ஸல்) அவர்களிடமே வந்தது. மதீனாவின் ஹர்ரா பகுதி ஓடையில், மேலே தோட்டம் வைத்திருந்த ஸுபைர் (ரலி) அவர்களுக்கும், கீழே இருந்த ஓர் அன்ஸாரித் தோழருக்கும் தகராறு. நபியவர்கள் முதலில், ஸுபைர் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடட்டும் என்று இணக்கமாகச் சொன்னார்கள். அதை அன்ஸாரி ஏற்க மறுத்தபோதுதான், மேலே உள்ளவருக்கான முழு உரிமையையும் அளந்து சொன்னார்கள். அந்த அளவு கணுக்கால் உயரம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு, ஆனால் அதற்கு ஓர் அளவும் உண்டு. உரிமையை முழுதாக அளப்பதற்கு முன், அண்டை வீட்டாரை எண்ணி விட்டுக்கொடுப்பதே முதல் தீர்வு.

இனி, மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்திற்கு வருகிறேன். ஆற்றைத் தூர்வாரும் செலவு யார் மீது என்ற பாடம் அதில் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத பேராறுகளைத் தூர்வாருவது பைத்துல்மாலின் பொறுப்பு. பைத்துல்மாலில் பணம் இல்லையென்றால், பொது நலனுக்காக மக்களை அந்த வேலையில் ஈடுபடுத்த ஆட்சியாளருக்கு அதிகாரம் உண்டு. பங்குதாரர்கள் உள்ள சிறு கால்வாய் என்றால் பாசனப் பங்குதாரர்களே செலவை ஏற்க வேண்டும். தாகத்திற்காக மட்டும் தண்ணீர் எடுப்பவர்கள் மீது தூர்வாரும் செலவு இல்லை.

அப்படியானால் குடிநீர் மட்டும் வாங்கும் நகரத்து முஸ்லிமுக்கு ஆற்றைப் பற்றிய பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

ஃபுகஹாக்கள் அந்தச் சலுகையைத் தந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குடிப்பவர் குடத்தில் மொண்டார், ஆடு மாடுகளுக்குக் காட்டினார், போனார். அவர் எடுத்தது கொஞ்சம். எடுத்தவர் எண்ணிக்கையில் அடங்காதவர். ஆற்றுக்கு அவர் திருப்பித் தந்த கெடுதி எதுவும் இல்லை. இன்றைய குடிப்பவரோ இயந்திரம் வைத்து, குழாய் போட்டு, நகரத்திற்கே மொத்தமாக எடுக்கிறார். எடுத்ததில் பெரும்பகுதியைச் சாக்கடையாக்கித் திருப்பி அனுப்புகிறார். முன்னவருக்கு இருந்த விலக்கு பின்னவருக்கும் அப்படியே பொருந்துமா? பிறருக்குத் தீங்கு இழைக்கக் கூடாது என்ற ஷரீஅத்தின் பொது விதி இங்கே நம் கையைப் பிடிக்கிறது. இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. உலமாக்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் சிந்திக்க வேண்டிய வாதமாக முன்வைக்கிறேன்.

ஆக, சட்டம் பாசனக்காரரை மட்டும் சபைக்கு அழைக்கிறது, குடிப்பவரை அழைக்கவில்லை. அழைக்கப்படாததால் குடிப்பவர் தனக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை என்று இருந்துவிட்டார். தாமிரபரணியின் இன்றைய நிலைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாலென்சியாவும் அர்வாரியும்

மக்கள் கூடி ஆற்றைக் காப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள்.

ஸ்பெயினின் வாலென்சியா நகரில், தேவாலயத்தின் வாசலில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் ஒரு நீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே அதன் நீதிபதிகள். விசாரணை வாய்மொழியாகவே நடக்கும். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. இதன் தொடக்கம் முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸ் காலத்தைச் சேர்ந்தது என்பது அவ்வூர் மரபு. அதற்கு மொழியே சாட்சி. கால்வாயை அவர்கள் அசெகியா என்கிறார்கள். அது ஸாகியா என்ற அரபுச் சொல். ஆட்சி மாறியது, மதம் மாறியது, பள்ளிவாசல் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. ஆனால் தண்ணீரைப் பங்கிடும் அந்தச் சபை மட்டும் கலையவில்லை. 2009-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. தண்ணீர்ப் பங்கீடு நியாயமாக இருந்தால், மதம் பார்க்காமல் எல்லோரும் அதைக் காப்பாற்றுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது, நம் நாட்டிலேயே ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ஓடும் அர்வாரி. வறண்டு கிடந்த ஆறு அது. 1980-களின் நடுவில் ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங் அமைப்போடு சேர்ந்து கிராம மக்கள், ஜோஹட் எனப்படும் பழைய வகை மண் தடுப்புகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஆற்றைத் தொடவேயில்லை, ஆற்றுக்கு நீர் தரும் சரிவுகளில், ஊர் ஊராக நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகள் ஊறின. 1990-களின் நடுவில் ஆறு ஆண்டு முழுவதும் ஓடியது.

ஆறு ஓடத் தொடங்கியதும் அரசு அதில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டது. மக்கள் எதிர்த்தார்கள். ஆற்றை உயிர்ப்பித்தால் மட்டும் போதாது, அதை ஆளவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று அப்போதுதான் உணர்ந்தார்கள். 1999 ஜனவரி 26 அன்று சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து அர்வாரி சன்சத், அதாவது அர்வாரி நாடாளுமன்றத்தை அமைத்தன. கரும்பு, நெல் போன்று அதிக நீர் குடிக்கும் பயிர்களுக்குக் கட்டுப்பாடு உட்பட விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஊர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடுதான் அதன் பலம்.

இவற்றை அப்படியே பெயர்த்தெடுத்துத் தாமிரபரணிக் கரையில் நட முடியாது. அர்வாரி சிறிய ஆறு. அதன் கரையில் மாநகரம் இல்லை. வாலென்சியா சபையோ விவசாயிகளுக்கு மட்டுமானது. ஆனால் இரண்டிலும் பொதுவாக உள்ள மூன்று அம்சங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். எல்லை என்பது தாலுகா, வார்டு என்று இல்லாமல் தண்ணீர் போகும் வழியாக இருக்கிறது. கூட்டம் பிரச்சினை வந்தால் மட்டும் இல்லாமல், குறித்த நாளில் தவறாமல் கூடுகிறது. விதியை மீறினால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது; மீறியவர் யாராக இருந்தாலும் சரி.

இரண்டு நியாயமான ஐயங்கள்

இது அரசின் வேலை அல்லவா, மக்கள் பங்கேற்பு என்று சொல்லி அரசு தன் தலைச்சுமையை நம் தோளில் இறக்கி வைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் எந்த ஜமாஅத்தாலும் கட்ட முடியாது. ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் நமக்கில்லை. அவை அரசின் கடமை; வரி கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் கட்டிய நிலையம் இயங்குகிறதா, எங்கள் தெருவின் கழிவு அங்கே போகிறதா, கால்வாய்க்குப் போகிறதா என்று கேட்கும் வேலையை அரசு நமக்காகச் செய்யாது. கேட்க ஆள் இருக்கும் ஊரில்தான் வேலை நடக்கும்.

இரண்டாவது ஐயம், இதில் நாம் ஒரு சமுதாயமாகப் போய் நின்றால் அரசியல் கலந்துவிடாதா என்பது. அதனால்தான் நாம் தனிச் சபை கேட்கவில்லை. பாளையங்கால்வாய்க்கு ஒரு சபை என்றால் அதில் பாசனச் சங்கத்து விவசாயி, கோயில் நிர்வாகி, தேவாலயப் பங்குப் பேரவை உறுப்பினர், பள்ளிவாசல் நிர்வாகி, நிலமில்லாத உழைப்பாளி, கால்வாயோரத்தில் குடியிருக்கும் பெண் எல்லோரும் இருக்க வேண்டும். நாம் அங்கே போவது அந்தக் கால்வாயோரத்துக் குடிமக்களாக. வெள்ளத்தில் பள்ளிவாசல் கதவைத் திறந்த அதே மனம்தான் இதற்கும் தேவை.

ஜமாஅத்கள் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பள்ளிவாசலுக்கு ஆற்றுப் பாசனத்தில் வக்ஃபு நஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிலக்காரர் என்ற முறையில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் வாக்காளர் பட்டியலில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். குத்தகைப் பணம் வாங்குவதோடு நம் தொடர்பு முடிந்துவிடக் கூடாது. வாகிஃப் அந்த நிலத்தை விட்டுச் சென்றபோது அதற்குப் பாயும் தண்ணீரையும் சேர்த்தே நம்மிடம் அமானிதமாக விட்டுச் சென்றார்.

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் சபைகளைப் பயன்படுத்துங்கள். கிராம ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. எத்தனை முத்தவல்லிகள் இவற்றுக்குப் போயிருப்பார்கள்? கால்வாய், கழிவுநீர், குடிநீர் அளவு ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள்.

மூன்றாவது, நம் வீட்டைச் சரிசெய்வது. கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சிச் செல்லும் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று பணம் கொடுக்கும் நாம் கேட்க வேண்டும். குர்பானி நாட்களில் குடலும் தோலும் கால்வாயில் மிதந்தால், அது அந்த வணக்கத்திற்கே இழுக்கு. கழிவுகளைச் சேகரித்துப் புதைக்கவோ, உள்ளாட்சி வண்டியில் ஒப்படைக்கவோ ஜமாஅத் பத்து நாளைக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகள் நிறையக் கொள்ளும் அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நம் பள்ளிகளில் ஹவுளுக்குப் பதிலாகக் குழாய்கள் வந்த பிறகு, உளூ முடியும் வரை குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர் சாக்கடைக்குப் போகாமல், பள்ளி வளாகத்துத் தென்னைக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகும்படி செய்வது பெரிய செலவுள்ள வேலை அல்ல.

நான்காவது, பெண்கள். தண்ணீர் எந்த நாளில் வந்தது, எந்த நிறத்தில் வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பீடி சுற்றிக்கொண்டே குழாய்ச் சத்தத்திற்குக் காது கொடுத்திருப்பவர்கள் அவர்கள். தண்ணீரைப் பற்றிய கூட்டத்தில் அவர்கள் குரல் இல்லையென்றால், பாதித் தகவல் இல்லாமல் முடிவெடுக்கிறோம் என்று பொருள்.

ஐந்தாவது, மேலும் கீழும் உள்ள ஊர்கள் பேசிக்கொள்வது. நெல்லைப் பகுதி ஜமாஅத்களும், ஸ்ரீவைகுண்டம், காயல்பட்டினம் பகுதி ஜமாஅத்களும் ஆண்டுக்கு இரண்டு முறை, கார் சாகுபடிக்கு முன் ஒன்று, மழைக்காலத்திற்கு முன் ஒன்று என்று சந்திக்கலாம். கடைமடை விவசாயிகளையும் அழைக்கலாம். மழைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எந்தக் குளத்தின் கரை பலவீனமாக இருக்கிறது, எந்த மடை திறக்கவில்லை என்று பட்டியலிட்டு நீர்வளத் துறையிடம் கொடுத்தால், டிசம்பரில் படகு தேடும் வேலை குறையும், இன்ஷா அல்லாஹ்.

திருமணம், தகராறு, அடக்கஸ்தலம் என ஊர்க் காரியங்களைக் கூடிப் பேசி முடிக்கும் பழக்கம் நம் ஜமாஅத்களுக்குப் பல தலைமுறைகளாக உண்டு. கணக்கு எழுதத் தெரியும், சந்தா வசூலிக்கத் தெரியும், ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்தால் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். ஓர் ஆற்றுச் சபை நடத்த எந்தெந்தத் திறமைகள் தேவையோ அவை நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த மாத நிர்வாகக் கூட்டத்தின் பொருள் நிரலில் பள்ளிவாசல் வர்ணம், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு 'ஊர்க் கால்வாய்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், தொடக்கத்திற்கு அது போதும்.